பிரேதப் பரிசோதனை மருத்துவரும் தங்கவயல் தொழிலாளியும்

போஸ்ட்மார்ட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீடுகளில் அழுகையின் குரலே மாறிவிடும். "அய்யா, உசுருதான் போச்சு, உடம்பையாவது முழுசா குடுத்துடுங்க" என்று பெரியவர்கள் கெஞ்சுவார்கள். ஆஸ்பத்திரிப் பின்கட்டில், ஒதுக்குப்புறமாக இருக்கும் அந்த அறையையும், அதற்குள் வேலை பார்க்கும் மருத்துவரையும் நாம் ஒருவித அச்சத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறோம். நோயாளியைப் பிழைக்க வைக்கும் டாக்டரைக் கும்பிடுகிறோம். இறந்தவரைப் பரிசோதிக்கும் டாக்டரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

ஆனால் இறந்தவருக்காக நீதிமன்றத்தில் பேசக்கூடிய மருத்துவர் அவர் ஒருவரே. ஒரு மரணம் கொலையா, விபத்தா, தற்கொலையா, நோயா என்பதை உடலைக் கொண்டு ஆராய்ந்து சொல்லும் இவரைச் சட்ட மருத்துவர் என்கிறோம். இவரைத் தடய அறிவியலாளரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1991ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் சிதறிக் கிடந்த துணி, கம்பி, பேட்டரித் துண்டுகளை ஆராய்ந்தாரே பேராசிரியர் பி. சந்திரசேகரன், அவர் தடய அறிவியலாளர். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர். பொருள்களைப் படிப்பது அந்தத் துறை. உடலைப் படிப்பது சட்ட மருத்துவம்.

இந்தத் துறையைப் பற்றித் தங்கவயல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. கொலைக் கதை கேட்கிற ஆர்வம் எல்லோருக்கும் இருக்கும், அது வேறு. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் நியாயம், ஒரு மருத்துவர் இறப்புச் சான்றிதழில் எழுதிய ஓரிரு சொற்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

சென்னைக் கோட்டையில் தொடங்கிய வழக்கம்

இந்தியாவில் சட்டத்துக்காக நடந்த முதல் பிரேதப் பரிசோதனை என்று பதிவாகியிருப்பது நம் சென்னையில் நடந்ததுதான். 1693ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆட்சிக்குழு உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் வீலர் என்பவர் மருந்து சாப்பிட்டதும் இறந்து போனார். மருந்து எழுதியவர் டாக்டர் சாமுவேல் பிரவுன். உடலை அறுத்துப் பார்த்தவர் எட்வர்டு பல்க்லி. விசாரித்ததில், முத்துப் பொடி அரைத்த கல்வத்தில் அதற்கு முன்பு பாஷாணம் அரைத்திருந்தார்கள், சரியாகக் கழுவவில்லை என்று தெரிந்தது. பிரவுன் தாமாகவே தவறை ஒப்புக்கொண்டார். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். கழுவாத கல்வம் ஒன்றிலிருந்து இந்த நாட்டில் ஒரு துறையே தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும் வழக்கு ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்டில் தலையில்லாத உடல் ஒன்று டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரை வரை போனது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தலையும் உடலும் ஒரே ஆளுடையவைதானா, அந்த ஆள் யார் என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவினார்கள். காது குத்தியிருந்த விதமும், பல் வரிசையும், ஆளவந்தார் ராணுவத்தில் இருந்த காலத்தில் பதிவான கைரேகையும் கைகொடுத்தன. அந்த நாளில் ஊரெல்லாம் இதே பேச்சுதான்.

தங்க பூமியில் பிறந்த ஒரு மருத்துவர்

உலக அளவில் இந்தத் துறையின் பெரியவர்களில் ஒருவர் சர் சிட்னி ஸ்மித். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சின்னக் காரணம், அவரும் தங்கம் தோண்டிய பூமியில் பிறந்தவர். நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் உள்ள ராக்ஸ்பர்க், தங்கத்தைத் தேடி வந்தவர்களால் வளர்ந்த சிற்றூர். அங்கே 1883இல் பிறந்து, முதலில் மருந்துக் கடை வேலை கற்று, பிறகு எடின்பரோவுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1917இல் எகிப்து அரசின் சட்ட மருத்துவ நிபுணராகக் கெய்ரோவுக்குச் சென்றவர் பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தார். 1928 முதல் 1953 வரை எடின்பரோவில் பேராசிரியர். 1969இல் மறைந்தார். தன் அனுபவங்களை 1959இல் 'மோஸ்ட்லி மர்டர்' என்ற பெயரில் நூலாக எழுதினார்.

அவர் ஆர்வம் கொலைகாரனைப் பிடிப்பதில் மட்டும் இருந்ததாகத் தெரியவில்லை. இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதிலும் அவருக்கு அவ்வளவு ஆர்வம். எகிப்தில் ஒரு பாழுங்கிணற்றில் கிடைத்த மூன்றே எலும்புகளை அவரிடம் கொண்டு வந்து கொடுத்தார்கள். இரண்டு இடுப்பெலும்புகள், அவற்றை இணைக்கும் முக்கோண எலும்பு ஒன்று. அவர் அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: இவள் ஓர் இளம்பெண், வயது இருபத்துமூன்றிலிருந்து இருபத்தைந்துக்குள்; குட்டையான, மெலிந்த உடம்பு; கர்ப்பம் தரித்திருக்கிறாள்; சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து காலை விந்தி விந்தி நடந்தவள்; வீட்டிலேயே செய்த குண்டு போட்ட துப்பாக்கியால், மூன்று கஜ தூரத்திலிருந்து, கீழிருந்து மேலாகச் சுடப்பட்டிருக்கிறாள்; உடனே சாகவில்லை, ஒரு வாரம் பத்து நாள் கிடந்து செத்திருக்கிறாள்.

மந்திரம் எதுவும் இல்லை. எந்தக் காலை ஊன்றி நடக்கிறோமோ அந்தப் பக்கத்து எலும்பு கனத்திருக்கும், மற்றது மெலிந்திருக்கும். பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும். எலும்பின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும் வயது தெரிந்ததே. குண்டு பதிந்த இடத்தைச் சுற்றிச் சீழ் பிடித்த அடையாளம் எலும்பில் இருந்தது. சீழ் பிடிக்க நாள் வேண்டும், அதற்கு உயிர் இருந்திருக்க வேண்டும். போலீசார் விசாரித்தபோது அப்படி ஒரு பெண் இருந்தது தெரிய வந்தது. தகப்பன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்திருக்கிறது. பயந்துபோய் வைத்தியமும் பார்க்காமல், இறந்த பிறகு கிணற்றில் போட்டுவிட்டான்.

வேலையும் நோயும் நடையும் உடம்பில் பதிந்துபோகின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். தங்கவயலுக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

கொழும்பில் ஒரு வழக்கு

சிட்னி ஸ்மித்துக்கும் தமிழர்களுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. மகாதேவன் சதாசிவம் என்ற பெயர் கிரிக்கெட் பார்க்கும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிராட்மன் தலைமையில் வந்த ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 1951 அக்டோபர் 9ஆம் தேதி கொழும்பு பம்பலப்பிட்டியில் அவருடைய மனைவி வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். கணவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வீட்டு வேலைக்காரர் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானார்.

வழக்கின் முடிச்சு நேரத்தில் இருந்தது. சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார். மரணம் அதற்கு முன்பா, பின்பா? அரசுத் தரப்பில் சாட்சி சொன்னவர் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம். உடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதை வைத்து அவர் நேரத்தைக் கணக்கிட்டார். கணவர் வீட்டில் இருந்த நேரத்தோடு அந்தக் கணக்கு ஒத்துப்போனது. எதிர்த்தரப்பில் டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அவருக்காகச் சாட்சி சொல்ல சிட்னி ஸ்மித் கொழும்புக்கே வந்தார்.

உடல் குளிர்வதைக் கொண்டு நேரம் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். உயிருள்ள உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ். உயிர் போனதும், அடுப்பிலிருந்து இறக்கிய சாதப் பானை ஆறுவதுபோல உடம்பு ஆறத் தொடங்கும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் மணிக்கு ஒன்றரை டிகிரி பாரன்ஹீட் என்று ஒரு கணக்கு இருந்தது. ஆனால் கொழும்பிலோ சென்னையிலோ காற்றே முப்பது டிகிரி. பானைக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் குறைவானால் ஆறுவதும் மெதுவாகத்தானே நடக்கும்? தவிர, உயிர் போன உடனே குறையத் தொடங்காமல் சிறிது நேரம் சூடு அப்படியே நிற்பதும் உண்டு. பருமன், உடை, தரை, காற்றோட்டம் எல்லாம் கணக்கை மாற்றும். டி சேரம் இதை அறியாதவர் அல்லர். தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில், இறந்த நேரம் நிமிடக் கணக்காகத் தெரிந்திருப்பதால், வெப்பமண்டல நாட்டுக்கென்றே அளவுகள் எடுத்தார். அந்த ஆய்வு 1955இல் வெளியானது. அதில் அவருடன் பெயர் சேர்த்தவர்களில் ஒருவர் கதிர்காமத்தம்பி என்ற தமிழர். இன்றும் இந்தத் துறையில் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது.

இருந்தாலும் சிட்னி ஸ்மித் சொன்னது வேறு. உடற்சூட்டை வைத்து நேரத்தை அவ்வளவு நெருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கணவர் போன பிறகு மரணம் நேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். 57 நாள் நடந்த விசாரணைக்குப் பின் 1953 ஜூன் 25இல் ஜூரிகள் ஒருமனதாகச் சதாசிவத்தை விடுதலை செய்தார்கள்.

இதில் யார் கெட்டிக்காரர் என்பது எனக்குப் பெரிதில்லை. இருவரும் பெரிய மனிதர்கள். ஒருவர் அளந்தார், மற்றவர் அளவுக்கும் எல்லை உண்டு என்றார். குற்ற வழக்கில் அந்தச் 'சொல்ல முடியாது' என்ற சொல் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அதே 'சொல்ல முடியாது' வேறொரு மேசையில் வைக்கப்பட்டால் என்ன ஆகும்? அந்த மேசை நம்ம ஊரில் இருந்தது.

சுரங்கத்தின் அடியில்

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் பி.ஜி.எம்.எல். சுரங்கங்களை மூடும்வரை, தங்கவயலில் எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்பார்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்கள்தான் அங்கே இறங்கினார்கள்.

சுரங்கத்தில் விபத்து மரணம் என்றால் நம் மக்கள் முதலில் சொல்வது ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் பாறை தாங்கிக்கொண்டிருந்த அழுத்தம் திடீரென்று விடுபட்டு வெடித்துச் சிதறுவது அது. இந்த நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மைசூர் நிலவியல் துறையின் ஸ்மீத் இதைப் பற்றி எழுதினார். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் அமைந்ததற்கும் இந்த அனுபவம்தான் அடிப்படை.

இப்படி இறந்தவரின் உடலில் மருத்துவர் எதைப் பார்ப்பார்? பாறை விழுந்து செத்தாரா, செத்த பிறகு பாறை விழுந்ததா என்பது முதல் கேள்வி. உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தைச் சுற்றித் தசைக்குள் ரத்தம் ஊறியிருக்கும். பின்னால் பட்டதில் அப்படி இராது. நெஞ்சு அழுந்தி மூச்சுவிட முடியாமல் இறந்திருந்தால் முகத்திலும் கண்ணின் வெள்ளையிலும் ஊசி குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். மூச்சுக்குழாயின் உள்ளே தூசி இருந்தால், புதையுண்ட பிறகும் அந்த மனிதர் சில நிமிஷம் மூச்சுவிட்டிருக்கிறார் என்று பொருள். வெடிப்புகையோ தீயோ கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கிளப்பியிருந்தால் உடம்பில் செம்மை படர்ந்திருக்கும்.

கொழும்பில் அவ்வளவு சண்டை நடந்த அந்த உடற்சூட்டுக் கணக்கு ஆழ்சுரங்கத்தில் எடுபடாது. சாம்பியன் ரீஃபின் அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். குளிர்காற்றை அனுப்பித்தான் வேலையே செய்ய முடிந்தது. காற்று வராத மூலையில் மாட்டிக்கொண்ட உடல் ஆறாது, சூடேறும். எந்தப் புத்தகத்துக் கணக்கையும் ஓர் ஊரின் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

விபத்தில், இயந்திரத்தில் சிக்கி, பிறர் தாக்கி அல்லது தற்கொலையால் ஒருவர் இறந்தால் போலீசார் விசாரித்து மகஜர் எழுத வேண்டும்; காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு. ஆகவே பாறை விழுந்து இறந்தவரின் மரணம் ஏட்டில் ஏறியது. பாறையின் தூசியால் இறந்தவரோ இருபது வருஷம் கழித்து, லைன் வீட்டிலோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ, இருமி இருமி இறந்தார். அதற்கு மகஜர் கிடையாது. பரிசோதனை கிடையாது. வீட்டாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தூசி

தங்கம் இருந்தது வெண்கல் பாறைக்குள். குவார்ட்ஸ் என்கிற இந்தப் பாறையை டிரில் போட்டுத் துளைக்கும்போது மாவைவிட மெல்லிய தூசி எழும். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து வெளியே துப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். அங்கே நம் உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்த்துத் தாமே சாகும். செத்த இடத்தில் தழும்பு உண்டாகும். அந்தத் துகள் அழியாது. அடுத்த அணு வந்து விழுங்கும், அதுவும் சாகும். இதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது நிற்பதில்லை என்பதுதான் கொடுமை. தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் தூசி பெருமளவு அடங்கும். வந்த தழும்பை ஆற்ற மட்டும் மருந்து இன்றும் இல்லை.

சைனைடு மேட்டைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு, பெயரே அப்படி. சைனைடைவிட அந்த மேட்டிலிருந்து காற்றில் பறக்கும் அரைத்த பாறைப்பொடியைப் பற்றித்தான் நுரையீரல் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். நிற்க.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் 1934இல் பதிவானது நம் கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்துதான். பிறகு 1940க்கும் 1946க்கும் இடையில் ஆந்தனி கேப்லன் என்ற ஆங்கில மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்த எண்ணை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு லைனில் பத்து வீடு என்றால் நாலு வீட்டில் அந்த இருமல்.

கேப்லன் பின்பு வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகருக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயைத் தீர்மானிக்கும் மருத்துவக் குழுவில் சேர்ந்தார். மூட்டுவாதம் உள்ள நிலக்கரித் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் உருண்டை உருண்டையான நிழல்களைக் கண்டு 1953இல் எழுதினார். அதற்குக் கேப்லன் நோய்க்கூட்டம் என்று உலகம் முழுவதும் பெயர். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பெயரைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கண் எக்ஸ்ரே பார்த்துப் பழகியது தங்கவயல் தொழிலாளியின் நெஞ்சில் என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் நல்லது.

காசமா, தூசியா?

சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் பல மடங்கு எளிதாகப் பற்றிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் இரண்டும் நிழலாகவே தெரியும். இருமல், இளைப்பு, எடை குறைவு எல்லாம் இரண்டுக்கும் பொது. சளியில் காசக் கிருமி கிடைத்துவிட்டால் டாக்டர் 'டி.பி.' என்று எழுதிவிடுவார். அது பொய்யும் அல்ல. ஆனால் அதற்கு அடியில் இருந்த தூசி ஏட்டில் ஏறாமல் போய்விடும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் வேலையால் வரும் நோயாகச் சேர்க்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் அது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயும் ஆனது. டி.பி.யோ யாருக்கும் வரக்கூடிய நோய். அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. ஆக, சான்றிதழில் எந்தச் சொல் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. டாக்டர் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதினால், கொழும்பில் அது குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்குச் சாதகம். இங்கே சந்தேகத்தின் பலன் விதவைக்கு வராது. அது நோய்தான் என்று காட்ட வேண்டியவள் அவள். ஒரே அடக்கம், ஒரே நேர்மை, ஆனால் இழப்பவர் வேறு.

பிரேதப் பரிசோதனை மேசையில் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. நல்ல நுரையீரல் பஞ்சுபோல இருக்கும். சிலிக்கோசிஸ் நுரையீரலைக் கத்தியால் வெட்டினால் மணலை வெட்டுவதுபோல நறநறக்கும். கடினமான சாம்பல் நிறக் கட்டிகள் விரலில் தட்டுப்படும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கட்டி வெங்காயத் தோல்போல வட்டம் வட்டமாக இருக்கும். முனைவாக்கிய ஒளியில் பாறைத்துகள்கள் மினுங்கும். காசநோய்க் கட்டியின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல உதிரும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டையும் தனித்தனியே காட்ட முடியும். மூச்சுக்குழாயில் கடைசி நிமிஷத்தில் ஏறிய தூசியைப் படிக்கிற அதே மருத்துவர், நுரையீரலில் இருபது வருஷமாக ஏறிய தூசியையும் படிப்பார். எகிப்துப் பெண்ணின் இடுப்பெலும்பில் அவள் நடை இருந்ததுபோல, டிரில் பிடித்தவரின் நெஞ்சில் அவருடைய ஷிஃப்டுகள் இருக்கின்றன. உடம்பை அறுக்கக் கூடாது என்று நாம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தபோது, அந்தச் சாட்சியையும் சேர்த்தே புதைத்தோம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிக் கேட்கலாம் என்று நமக்கு எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

சான்றிதழில் சில வரிகள்

சுரங்கம் மூடி வருஷங்கள் பல ஆகிவிட்டன. ஆனால் அங்கே இறங்கியவர்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஸ்வர்ணா ரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் அப்பாக்களும் தாத்தாக்களும் அவர்கள். ஆகவே நடைமுறையில் உதவக்கூடிய ஒன்றிரண்டு செய்திகள்.

இறப்பின் காரணத்தை எழுதும் மருத்துவச் சான்றிதழில் ஒரு வரி மட்டும் இருப்பதில்லை. உடனடிக் காரணம் ஒரு வரி; அதற்கு மூலமான நோய் அடுத்த வரி; அதற்கும் அடியில் இருந்தது இன்னொரு வரி. 'மூச்சு நின்றது' என்று எழுதினால் அது காரணமே ஆகாது. எல்லோருக்கும் கடைசியில் மூச்சு நிற்கத்தான் செய்யும். 'மூச்சுத் திணறல், அதற்குக் காரணம் நுரையீரல் காசம், அதற்குக் காரணம் சிலிக்கோசிஸ்' என்று மூன்று வரியும் நிரம்பினால்தான் அந்த மனிதரின் கதை முழுசாகிறது. டாக்டருக்கு வேலை விவரம் தெரிந்தால்தானே இதை எழுதுவார்? ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் நாளே, "இவர் மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் இத்தனை வருஷம் இருந்தார், இன்ன வேலை பார்த்தார்" என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வைக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிம்களைப் பரண்மேல் போட்டுக் கரையானுக்குக் கொடுக்கக் கூடாது. சர்வீஸ் சர்டிபிகேட்டோடு சேர்த்து வையுங்கள். பத்து வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு பிலிம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மருத்துவருக்கு அது பெரிய துணை.

2000ஆம் ஆண்டு முதல் புழக்கத்துக்கு வந்த இறப்புப் பதிவுப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் பீடி சிகரெட் பிடித்தவரா, எத்தனை ஆண்டு. புகையிலை போட்டவரா, எத்தனை ஆண்டு. பாக்கு, மது, எத்தனை ஆண்டு என்றெல்லாம் அதில் கேள்வி உண்டு. எத்தனை ஆண்டு பாறைத் தூசியைச் சுவாசித்தார் என்று ஒரு கேள்வி இல்லை. 'தொழில்' என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. அவசரத்தில் அதில் 'ஓய்வு பெற்றவர்' என்றோ 'இல்லை' என்றோ எழுதிக் கொடுத்துவிடுகிறோம். 'தங்கச் சுரங்கத் தொழிலாளி, நிலத்தடி, 26 வருஷம்' என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.